அக்காவின் இடது பக்கம்

அக்கா நடைபாதையில் நடக்கும்போது தன் இடது பக்கத்தில் இன்னொருவர் நடக்கக்கூடிய இடத்தை விட்டுத்தான் நடப்பாள். பனியை இரு கரையும் குவித்து, வழி ஒடுங்கிப்போன பெப்ரவரியிலும் அப்படித்தான். வலது கால் பனிக்குவியலுக்குள் புதைந்து புதைந்து எழும்பும். இடது பக்கம் மட்டும் யாருக்கோ ஒதுக்கி வைத்ததுபோல் வெறுமையாக இருக்கும். எதிரே வருகிறவர்கள் அதை வழி என்று நினைத்து உள்ளே வந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தவறு செய்தவர்கள்போல் விலகிப் போவார்கள்.

முதலில் நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே அவளுடைய வீடும் இருந்தது; சொந்த அக்கா அல்ல, நான் அப்படிக் கூப்பிட்டுப் பழகியவள். லிஃப்ற்றுக்குள் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நின்றாலும் அக்கா வலது சுவரோடு ஒட்டித்தான் நிற்பாள். என் அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார், "பிள்ளை, உதிலை ஆர் வரப்போயினம் எண்டு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?" அக்கா வெட்கப்பட்டு ஓரடி தள்ளி நின்றாள். அடுத்த மாடி வருவதற்குள் மறுபடியும் சுவரோடு ஒட்டிவிட்டாள்.

அவளும் அவளுடைய தமையனும் பனி நடனக்காரர்கள். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்: சறுக்குச் சப்பாத்தோடு ஆணும் பெண்ணும் கையைப் பிடித்தபடி ஆடுவது. அதில் பெரிய பாய்ச்சல்கள் இல்லை. இரண்டு பேரும் எவ்வளவு நெருக்கமாக, ஒருவர் காலை ஒருவர் தட்டாமல் போகிறார்கள் என்பதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். அவர்களுடைய ஆட்டத்தில் தமையன் பெரும்பாலும் அக்காவின் இடது பக்கத்தில் நின்றான். சிறு வயதிலிருந்து அப்படியே ஆடி ஆடி, பனியை விட்டு இறங்கிய பிறகும் அவளுடைய உடம்பு அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

அவர்கள் சோடியானது கலையார்வத்தால் அல்ல. அவர்களுடைய அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அப்பா விமான நிலைய வாடகைக் கார் ஓட்டினார். சனிக்கிழமைகளில் நகரசபை நடத்திய மலிவு வகுப்பில் தமையனைச் சேர்க்கப் போன இடத்தில், தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அந்த அம்மா அவளுக்கும் சப்பாத்தை மாட்டி உள்ளே விட்டிருக்கிறார். "ஒண்டை விட்டுட்டு ஒண்டைக் கொண்டுபோக ஏலாமல் செய்த வேலை, பாருங்கோ எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு," என்று எங்கள் குசினியில் இருந்து அவர் சொல்லும்போது, குறைப்படுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று யாருக்கும் தெரியாது.

கொண்டுவந்து விட்ட இடம் இதுதான். மற்றச் சோடிகளில் பையன் ஒரு வீடு, பெண் ஒரு வீடு. பனித்தள வாடகை, பயிற்சியாளரின் கட்டணம், இசை, உடுப்பு, வெளியூர்ப் போட்டிக்குப் போகும் செலவு எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பங்காகும். அண்ணன் தங்கை என்றால் எல்லாம் ஒரே கதவைத்தான் தட்டும். சப்பாத்து இருவருக்கும் ஒரே பருவத்தில் சிறுக்கும். அந்த அம்மா இரட்டை வேலை செய்தார். அப்பா, பனித்தளம் இருந்த அரீனா மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே நித்திரை கொண்டுவிட்டு, அங்கிருந்தே அடுத்த பயணியை ஏற்றப் போவார். தமையன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு களஞ்சியத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தான்.

நான் அந்த அரீனாவின் கோப்பிக் கவுண்டரைக் காலையில் திறக்கிற வேலையில் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மலிவான பனி நேரம் விடியற்காலையில்தான் கிடைக்கும் என்பதால் அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். ஆனால் சேர்ந்து போனோம் என்று சொல்லமுடியாது. அவள் இருவர் இருக்கையில் யன்னலை வலதுபுறம் விட்டு உட்கார்ந்து, இடது பக்க இருக்கையில் பையை வைத்துவிடுவாள். களஞ்சியத்துக்கு முன்னாலுள்ள தரிப்பில் தமையன் ஏறுவான். அவள் பையைத் தூக்குவாள். அவன் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்த அடுத்த நிமிடம் நித்திரையாகிவிடுவான். நான் ஒவ்வொரு நாளும் பின் இருக்கையில் இருந்து அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் உழைப்பில் கிடைத்தது. ஆனால் முதலாவதாகப் போகிறவளுக்கு முன்னால் ஆளில்லை, பக்கத்திலும் ஆளில்லை. நான் கொம்பியூட்டரில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைச் செய்துகொண்டிருக்கும்போது அப்பாவும் அம்மாவும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அறைவாசலில் நின்று பார்ப்பார்கள். கிட்ட வந்தால் எதையாவது குழப்பிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்த நேரங்களில் எனக்கு நினைவுக்கு வருவது பஸ்ஸின் அந்த இருக்கைதான். ஒருத்தி எனக்காகப் பையைத் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு இது தெரியாது. ஆனால் என் விண்ணப்பங்களைப் பற்றி என்னிடம் விடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். கவுண்டருக்கு வந்து ஒரு தேநீர் வாங்கி, இரண்டு கோப்பை கேட்பாள். பாதியை மற்றக் கோப்பையில் ஊற்றி, இரண்டையும் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சரிபார்த்துவிட்டுத் தமையனிடம் ஒன்றைக் கொடுப்பாள். ஒருநாள் நான் இன்னொரு தேநீரைக் காசில்லாமல் நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். "வேண்டாமடி. ஃபிறீயாக் குடிச்சால் பிறகு ரெண்டு பேருக்கும் முழுக் கோப்பை பழகிடும்." சிரித்துவிட்டு, அதே மூச்சில், "உனக்குப் படிக்க கவுண்மெந்து கடன் தரும். எனக்கு ஐஸிலை நிக்க ஆர் தருவினம், சொல்லு பாப்பம்?" என்றாள்.

தரக்கூடிய ஒரே இடம் என்று அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்தது ஊர்ச் சங்கம். அவர் ஒரு தீவுக்காரர். ரொறன்ரோவில் அந்தத் தீவிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வருடம் ஒருமுறை மண்டபம் எடுத்து விழா வைப்பார்கள். சங்கக் கூட்டத்தில் நடந்ததை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார். தலைவர் அங்கிள், பிள்ளைகள் பிறந்தது ஸ்காபரோவில், தகப்பன் வேறு ஊர், தகப்பனுடைய ஊர்ச் சங்கத்தைத்தான் கேட்கவேண்டும் என்றாராம். இவர் எழும்பி, "அண்ணை, போன வருசம் உங்கட மகள் டொக்டரானதுக்கு இதே சங்கம் விழா எடுத்தது. அவ எங்கட தீவை வரைபடத்திலையாவது கண்டிருக்கிறாவோ?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு யாரும் ஊர் எல்லையைப் பற்றிப் பேசவில்லை.

சங்கம் அந்தப் பருவத்துக்கு உதவ ஒத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை: சங்கத்தின் பெயர் உடுப்பில் தெரியவேண்டும். போட்டி உடுப்பில் விளம்பரம் எழுதக்கூடாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அக்கா ஒரு வழி கண்டாள். சங்கத்தின் சின்னம், கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு. எழுத்தில்லாமல் வெளிச்சவீட்டை மட்டும் போட்டால் அது வெறும் படம்தானே. அவளுடைய அம்மா அதைத் தானே தைத்தார். அக்காவின் நீல உடுப்பின் முதுகில், இடுப்பிலிருந்து தோள்வரை, தங்கநிற மினுக்கு வில்லைகளால் ஒரு வெளிச்சவீடு. உச்சியில் இருந்து இடது தோளைத் தாண்டிப் பாயும் வெளிச்சம். கோயில் நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளின் நடன உடுப்பெல்லாம் தைத்த கை அது. தையல் ஒரே சீராக இருந்தது. மாடியிலிருந்த பெண்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம்.

மாகாணப் போட்டிக்குச் சங்கம் ஒரு பஸ்ஸே பிடித்தது. முன்னுக்கு வரும் சில சோடிகளுக்கு அடுத்த கட்டத்துக்குப் போகிற வாய்ப்பும், அதோடு மாகாணத்தின் பண உதவியும் உண்டு. அது கிடைத்தால் தமையன் இரவு வேலையை விடலாம். கிடைக்காவிட்டால் அடுத்த பருவம் இல்லை. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. நாங்கள் மட்டன் ரோல்ஸும் சுடுதண்ணிப் போத்தலில் தேநீருமாகப் போய், பார்வையாளர் படிகளில் கம்பளிக் குல்லாக்களோடு வரிசையாக உட்கார்ந்தோம். சப்பாத்தைக் கட்டிவிட்டுத் தாயைத் தேடி மேலே வந்த அக்காவையும் தமையனையும் ஒரு அன்ரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் எண்டு சொல்லுறியள், பிறகேன் உப்பிடிப் பிடிச்சுக்கொண்டே திரியிறியள்?" என்று கேட்டார்.

"விட்டால் ரெண்டு பேரும் விழுந்திடுவம், அன்ரி," என்றாள் அக்கா.

அவர்கள் ஆடியதை நான் இன்றைக்கும் முழுதாக நினைத்துப் பார்க்கமுடியும். காதல் கதை அவர்களுக்குப் பொருந்தாது என்பதால் பயிற்சியாளர் கடலையும் காற்றையும் வைத்து அமைத்த ஆட்டம் அது. அரைவாசிக்கு மேல் ஆடி முடிக்கும்வரை ஒரு பிழையும் இல்லை. பிறகு தமையன் அவளைத் தூக்கிச் சுழற்றும் இடம் வந்தது. அவள் முதுகை வில்லாக வளைத்தாள். அந்த நேரம் வெளிச்சவீட்டின் உச்சியிலிருந்து வில்லைகள் கழன்று பறந்தன. மேல்விளக்கில் மின்னிக்கொண்டு, அவர்களைச் சுற்றி ஒரு வட்டமாக, மெதுவாகப் பனியில் இறங்கின. உண்மையாகவே ஒரு வெளிச்சவீடு சுழன்று ஒளி வீசியதுபோல் இருந்தது. தலைவர் அங்கிள்தான் முதலில் எழும்பினார். பிறகு முழுச் சங்கமும் எழும்பியது. நானும் எழும்பிக் கை வலிக்கத் தட்டினேன். அவளுடைய அம்மாவும் எழும்பிக் கை தட்டிக்கொண்டே அழுதார். அந்த நாள் முழுவதும் நாங்கள் அவ்வளவு சத்தம் போட்டது அந்த இடத்தில்தான்.

உடுப்பிலிருந்து எது பனியில் விழுந்தாலும் புள்ளி குறைப்பார்கள். ஒரு வில்லையில் சறுக்குக் கத்தி ஏறினாலும் அடுத்து ஆடுகிறவர்கள் விழலாம். எங்களுக்கு அது தெரியாது. இழுபடும் துணியைச் சேலைக்கு ஓரம் அடிக்கிற பருத்தி நூலால் தைத்தால், துணி இழுபடும்போது நூல் அறும் என்பதும், வாழ்நாளெல்லாம் பட்டும் பருத்தியும் தைத்த அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் தெரிவான சோடிகளுக்கு அடுத்த இடத்தில் நின்றார்கள். குறைத்த புள்ளி இருந்திருந்தால் உள்ளே போயிருப்பார்கள்.

புள்ளிப் பலகை எங்கள் கண்ணுக்கு வெறும் இலக்கங்கள்தான். திரும்பும் பஸ்ஸில் ஆளாளுக்கு நடுவர்களைத் திட்டினார்கள். வெள்ளைக்காரர் எங்கள் பிள்ளைகளுக்குப் போடுவார்களா என்றார் ஒருவர். அக்கா தாயின் பக்கத்தில் நின்று, காலடி ஒன்று பிசகிவிட்டது, பிழை எங்கள் இரண்டு பேரிலும்தான் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சொன்ன விதத்தில் நானும் நம்பினேன். அடுத்த கிழமை, கவுண்டரில் நிற்கும்போது, பயிற்சியாளர் இன்னொரு பெற்றோருக்கு அந்தப் புள்ளிக்கணக்கை விளக்கியது என் காதில் விழுந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தேநீரை இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்குத் தெரியவேண்டாம்," என்றாள். "அவ அண்டைக்குத்தான் வாழ்க்கையிலையே முதல்முறை எழும்பி நிண்டு கை தட்டினவ."

அந்த உடுப்பு பிறகும் நெடுநாள் அவர்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், கடவுள் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. வெளிச்சவீட்டின் உச்சி மட்டும் நீலமாக இருக்கும். வருகிறவர்களுக்கு அந்த அம்மா, பார்த்தீர்களா, சனம் எழும்பி நின்றது அந்த இடத்துக்குத்தான் என்று தொட்டுக் காட்டுவார்.

வசந்தத்தில் தமையன் ட்ரக் ஓட்டும் பயிற்சிக்குச் சேர்ந்தான். தன் சப்பாத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். அக்கா மட்டும் தனியாக வந்தாள். பனி நடனத்தைத் தனியாக ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் தன் பாதியை விட்டால் அது மறந்துவிடும் என்று அவள் பயந்திருக்கவேண்டும். அரீனாவில் சிறு பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டிவிடும் வேலையை எடுத்து, அதற்குப் பதிலாகக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஆடுவாள். நான் கவுண்டர்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். இடது கை ஒரு தோளின் உயரத்தில் நிற்கும். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் விரல்கள் மெல்ல மடங்கும். திரும்பும்போது அந்த இல்லாத ஆளுடைய கால் வருவதற்கு ஒரு கணம் காத்திருந்து திரும்புவாள். நித்திரை முகத்தோடு கோப்பி வாங்க வரும் தகப்பன்மார்கூட பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

ஒருநாள் தமையன் வந்து, அவளுக்குத் தெரியாமல் மேல்படியில் இருந்து போனில் அதை வீடியோப் படமாக எடுத்துக்கொண்டிருந்தான். ஆசைக்கு எடுக்கிறான் என்று நினைத்தேன். போகும்போது என் கவுண்டருக்கு வந்து தேநீர் கேட்டான். முழுக் கோப்பை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் குடிக்காமல் நின்றான்.

மொன்றியலில் வசதியான ஒரு குடும்பம் தங்கள் மகனுக்குச் சோடி தேடிக்கொண்டிருந்தது. தங்குமிடம், பயிற்சி, உடுப்பு எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பெண்கள் பலர் தங்கள் பழைய சோடிகளோடு ஆடிய படங்களை அனுப்பியிருந்தார்களாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் ஆடிய படம், தமையன் அனுப்பிய இது ஒன்றுதான். பையனுடைய பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் பக்கத்தில் இடம் விடத் தெரிந்தவள், இவளைக் கூப்பிடுங்கள் என்று சொன்னதாகத் தமையன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அதை எனக்குச் சொன்னபோது அக்கா சிரிக்கத்தான் பார்த்தாள். "எங்கட அண்ணா தன்ரை இடத்தைத் தானே படம் எடுத்து வித்துப்போட்டான்," என்றாள்.

இப்போது நான் ஸ்காபரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரத்தில் ஒரு பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பம் இன்னும் தள்ளி, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீடு வாங்கிப் போய்விட்டது. அங்கே பஸ்ஸை நம்பி வாழமுடியாது, எனக்கும் கார் இருக்கிறது. அக்காவுடைய போட்டிகள் சிலவற்றை இணையத்தில் பார்த்திருக்கிறேன். புதிய சோடி உயரமானவன், நன்றாக ஆடுகிறான். அவளும் முன்பைவிட நன்றாகத்தான் ஆடுகிறாள். உடுப்புகள் மிக நேர்த்தியானவை, ஒன்றும் உதிர்வதில்லை. இசை தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் நடுப்பனியில் வந்து நிற்கும்போது, அவன் அவளுடைய இடது பக்கத்துக்கு வருகிறான். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்க்கிறாள். அவ்வளவுதான். நான் அந்தக் கொஞ்சத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அவளுக்குச் செய்தி அனுப்பினேன்; ஒரு இதயத்தைப் போட்டு, உன் வகுப்புப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் மொன்றியலுக்குப் போவதற்கு முந்திய கிழமை நடந்தது இது. விடியற்காலைப் பஸ். அரீனாவில் தன் பொருட்களை எடுத்துவரப் போகிறாள் என்று தெரிந்திருந்தாலும் அவள் பனிக்குப் போகிறதுபோலவே தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். என் கையில் பல்கலைக்கழகத்தின் அனுமதி வந்த போன் இருந்தது. முதல்நாள் மாலை வந்தது. அம்மாவும் அப்பாவும் சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அதன் பிறகு எங்கே போகவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று என்னையே கேட்டார்கள். அக்காவுக்குக் காட்டவேண்டும் என்று நான் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.

வழக்கம்போலப் பின் இருக்கைக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது பக்கத்து இருக்கையில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"உங்கை ஏன் போறாய்? வா, இதிலை இரு."

உட்கார்ந்தேன். போனைக் கொடுத்தேன். அவள் அனுமதியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் வாசித்தாள். மொன்றியலில் போய் இதை எல்லோருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னாள். "சோடியில்லாமல் போறாய், என்ன?" என்றாள். நான் ஓம் என்றேன். அவளுடைய தோள் நான் நினைத்ததைவிட ஒடுங்கியது. அதில் அவ்வளவு காலம் ஒரு வளர்ந்த ஆண் சாய்ந்து நித்திரை கொண்டானா என்று நினைத்தேன்.

களஞ்சியத்துக்கு முன்னாலுள்ள தரிப்பில் பஸ் நின்றது. அந்தத் தரிப்பில் இறங்க யாரும் மணி அடிக்கவில்லை; வெளியே நின்ற ஒருவர் கையைக் காட்டியிருக்கவேண்டும். முன்கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். எனக்குத் தெரியாமலே நான் பாதி எழும்பிவிட்டேன்.

ஏறியது வேறு யாரோ. வேலை முடிந்து வந்த ஒரு மனிதர், முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் என் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"இரு," என்றாள்.

இருந்தேன். அரீனா வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.